பறக்கும் தட்டும் பூட்டிய அலமாரியும்

2005 செப்டெம்பர் 25. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் கொன்வொகேஷன் மண்டபம். பட்டமளிப்பு நாள்களில் நம் பிள்ளைகள் கறுப்பு அங்கியோடு வரிசையில் நிற்கும் அதே வட்ட மண்டபம்தான். அன்று அங்கே மேடையேறியவர் 82 வயதான போல் ஹெலியர். கனடாவின் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றையும் ஒரே படையாக இணைத்தவர். லெஸ்டர் பியர்சன், பியர் ட்ரூடோ இருவரின் அமைச்சரவைகளிலும் இருந்தவர். தலைக்கு மேலே பறக்கும் விமானங்கள் எவ்வளவு உண்மையோ, பறக்கும் தட்டுகளும் அவ்வளவு உண்மை என்று அவர் அங்கே சொன்னார்.

அந்தப் பேச்சு உலகம் சுற்றியது. பெரிய தொழில்வள நாடொன்றின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவரே சொல்கிறார், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார்கள். பறக்கும் தட்டு பற்றிய எந்த விவாதத்திலும் இன்றுவரை அவர் பெயர் வந்துவிடுகிறது.

சரி, அவர் எதை வைத்துச் சொன்னார்? 1963 முதல் 1967 வரை அமைச்சராக இருந்தபோது இத்தகைய அறிக்கைகள் தன் மேசைக்கு வந்ததுண்டு, படைகளை இணைக்கும் பெரும் வேலையில் அவற்றில் மனம் செலுத்த நேரமிருக்கவில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் மனம் திரும்பியது 2005இல். அந்த ஆண்டு பெப்ரவரியில் ஏபிசி தொலைக்காட்சியில் பீற்றர் ஜெனிங்ஸ் பறக்கும் தட்டுகள் பற்றி இரண்டு மணி நேர நிகழ்ச்சி ஒன்றை வழங்கினார். ஜெனிங்ஸும் ரொறன்ரோவில் பிறந்தவர்தான். அதைப் பார்த்த ஹெலியர், அமெரிக்க இராணுவத்தின் முன்னாள் லெப்டினன்ட் கேணல் பிலிப் கோர்சோ, பறக்கும் தட்டு விழுந்ததாகச் சொல்லப்படும் ரொஸ்வெல் பற்றி 1997இல் வெளியிட்ட புத்தகத்தை எடுத்துப் படித்தார். ஓய்வுபெற்ற அமெரிக்க ஜெனரல் ஒருவரிடம் அது பற்றிக் கேட்டாராம். எழுதியது அத்தனையும் உண்மை, அதற்கு மேலும் உண்டு என்று பதில் வந்ததாம்.

ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஒரு புத்தகம், ஒரு உரையாடல். அவர் தலைமை தாங்கிய அமைச்சின் கோப்பு ஒன்றுகூட இந்தப் பட்டியலில் இல்லை.

ஹெலியரை மட்டம்தட்ட இதை எழுதவில்லை. அவர் சொன்னதை அவர் முழுமனதோடு நம்பினார். 2013இல் பறக்கும் தட்டுகள் பற்றி வாஷிங்டனில் நடந்த மக்கள் விசாரணை ஒன்றிலும் போய்ச் சாட்சி சொன்னார். 2021 ஓகஸ்டில், 98 வயதில் ரொறன்ரோவில் இறக்கும்வரை அந்த நம்பிக்கையிலிருந்து நகரவில்லை. என்னை உறுத்துவது வேறு. அரசின் இரகசியங்களுக்குச் சாவி வைத்திருந்த மனிதர் ஒருவர், தன் அலமாரியில் இல்லாத விடை அயல்நாட்டு அலமாரி ஏதோ ஒன்றில் பூட்டிக் கிடக்கிறது என்று நம்பினார். அமைச்சரே அப்படி நம்பினால், சாதாரண சனம் நம்புவதில் என்ன வியப்பு? அந்த நம்பிக்கை எப்படி முளைத்தது என்று பார்க்க ரொஸ்வெல் பாலைவனத்துக்குப் போக வேண்டியதில்லை. ஊரிலிருந்து வரும் உறவினரை ஏற்றிவர நாம் போகிறோமே பியர்சன் விமான நிலையம், அதை ஒட்டிய மால்ரன் போதும்.

மால்ரனில் செய்த தட்டு

மால்ரனில் 1950களில் அவ்ரோ கனடா என்ற விமானத் தொழிற்சாலை இருந்தது. ஜோன் ஃபுரொஸ்ட் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர் அங்கே ஒரு சிறு குழுவோடு தனியே ஒதுங்கி வேலை செய்தார். ஓடுபாதை இல்லாமல் நேராக மேலெழுந்து, பிறகு போர்விமான வேகத்தில் பாயும் ஒரு கலம் அவருடைய கனவு. 1953 பெப்ரவரியில் ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகை, மால்ரனில் பறக்கும் தட்டு உருவாகிறது என்று செய்தி வெளியிட்டது. பிரித்தானிய பீல்ட் மார்ஷல் மொன்ற்கொமரிக்கே அதன் மாதிரியைக் காட்டினார்கள் என்ற கதையும் கூடவே பரவியது.

அந்தச் செய்தியில் பொய் இல்லை. கனடா அரசு செலவைத் தாங்க முடியாமல் ஒதுங்கிக்கொண்டதும் அமெரிக்க விமானப்படை பணத்தோடு வந்தது. திட்டம் 1794 என்று அதற்கு எண் இட்டார்கள். ஒலியின் வேகத்தைப்போல் 3 முதல் 4 மடங்கு வேகம், 1,00,000 அடிக்கு மேல் உயரம் என்று காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். 1955 ஒக்டோபர் 25 அன்று அமெரிக்க விமானப்படைச் செயலாளர் டொனால்ட் குவார்ல்ஸ் பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை விட்டார். பறக்கும் தட்டு என்று மக்கள் சொல்வதெல்லாம் வெறும் தவறான காட்சி. ஆனால் அவ்ரோ நிறுவனத்தோடு தட்டு வடிவக் கலமொன்றுக்கு ஒப்பந்தம் செய்திருக்கிறோம். இனி அப்படி ஏதும் பார்த்தால் குழம்ப வேண்டாம் என்பது அதன் சாரம். தட்டு இல்லை என்று சொன்ன அதே வாயால் தட்டு வரப்போகிறது என்றும் சொன்னார். அதைக் கேட்டவர்கள் எதைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்?

கடைசியில் வந்தது அவ்ரோகார். 18 அடி விட்டம், இரண்டு தனித்தனி இருக்கைக் குழிகள், நடுவே பெரிய விசிறி, அதைச் சுழற்ற மூன்று ஜெட் இயந்திரங்கள். 1959 நவம்பர் 12 அன்று கட்டுக்கயிறு இல்லாமல் முதன்முதலாக எழும்பியது. எழும்பியது என்றால் மூன்று அடி. அந்த உயரத்தைத் தாண்டினால் கொதிக்கும் சட்டியின் மூடி போல ஆடத் தொடங்கிவிடும். மணிக்கு 35 மைலுக்கு மேல் அதனால் ஓட முடியவில்லை. 1961 டிசெம்பரில் திட்டத்தை மூடினார்கள். செய்த இரண்டில் ஒன்று இன்று ஒஹையோ மாநிலத்தின் டேற்றன் நகரிலுள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம்.

தொழில்நுட்பமாக அது ஒரு தோல்வி. வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. ஃபுரொஸ்டின் குழு காற்றின் குணத்தைப் பற்றிக் கற்றது ஏராளம். ஆனால் திட்டம் 1794இன் வரைபடங்களும் அறிக்கைகளும் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் வழியே பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2012இல். மூன்று அடிக்கு மேல் எழாத ஒரு கலத்தின் பின்னணி ஐம்பது ஆண்டு பெட்டிக்குள் கிடந்தது. அந்த ஐம்பது ஆண்டில் மால்ரனைச் சுற்றி எத்தனை கதைகள் கிளைத்திருக்கும்! அங்கே செய்தது வெளியே காட்டியதைவிடப் பெரியது, அது வேலை செய்தது, அதனால்தான் மூடினார்கள் என்ற பேச்சை இன்றும் கேட்கலாம்.

அதே தொழிற்சாலையில் அதற்கும் பெரிய காயம் ஒன்று உண்டு. அவ்ரோ ஆரோ என்ற போர்விமானம். அதன் முதல் விமானத்தை மக்களுக்குக் காட்டியது 1957 ஒக்டோபர் 4, ஸ்புட்னிக் விண்ணேறிய அதே நாள். 1959 பெப்ரவரி 20, வெள்ளிக்கிழமை, பிரதமர் டீபன்பேக்கர் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். ஒரே நாளில் 14,000க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். அதோடு விட்டிருந்தால் அது வெறும் பொருளாதார முடிவாகப் போயிருக்கும். கட்டி முடித்த விமானங்களைத் துண்டுதுண்டாக வெட்டினார்கள். வரைபடங்களை அழிக்கச் சொன்னார்கள். ஏன் வெட்ட வேண்டும்? தொழில்நுட்பம் சோவியத்தின் கையில் சிக்கிவிடக் கூடாது என்ற அச்சம் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த நேரத்தில் தெளிவான விளக்கம் எதுவும் மக்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு ஆரோ தப்பிப் பறந்துவிட்டது, எங்கோ கொட்டகையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒன்ராறியோவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள்.

முழு விமானமாக ஒன்றும் தப்பவில்லை. தப்பியது காகிதம். அழிக்கச் சொன்ன வரைபடங்களை மூத்த வரைவாளர் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார். 2020இல் அவை சஸ்கற்றூனில், டீபன்பேக்கரின் பெயரிலேயே உள்ள நிலையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. வேலையிழந்த பொறியியலாளர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவின் நாசாவுக்குப் போனார்கள். ஜெமினி விண்கலத்தின் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய ஜிம் சேம்பர்லின் அவர்களில் ஒருவர். சந்திரனுக்குப் போன மனிதரின் வழியில் மால்ரனின் கைவேலை இருக்கிறது. தப்பி ஒளிந்த விமானத்தின் கதையைவிட இந்த உண்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆனால் கதைதான் நிலைத்தது.

ஒட்டாவாவின் இரகசியக் குறிப்பு

ரொறன்ரோவிலிருந்து ஒட்டாவாவுக்குப் போனால் வில்பேர்ட் ஸ்மித். போக்குவரத்துத் துறையின் மூத்த வானொலிப் பொறியியலாளர். 1950 நவம்பர் 21 அன்று தன் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். தலையில் மிக இரகசியம் என்ற முத்திரை. வாஷிங்டனிலுள்ள கனடியத் தூதரகத்தின் மூலம் விசாரித்ததில், பறக்கும் தட்டுகள் உண்மை என்றும், அமெரிக்க அரசில் ஐதரசன் குண்டைவிட மேலான இரகசியமாக அந்த விவகாரம் பேணப்படுகிறது என்றும் தனக்குத் தெரியவந்ததாக அதில் எழுதியிருந்தார். பறக்கும் தட்டு ஆர்வலர்களுக்கு அது இன்று வேதநூல் மாதிரி.

குறிப்பு உண்மையானது, போலி அல்ல. ஆனால் அது சொல்வது என்ன? வாஷிங்டனில் ஒருவர் ஒருவரிடம் சொன்னது, அவர் ஒட்டாவாவில் இன்னொருவரிடம் சொன்னது. இரகசிய முத்திரை விழுந்ததாலேயே கேள்விப்பட்ட செய்தி ஆதாரமாகிவிடுவதில்லை. மேசையில் திறந்து கிடந்திருந்தால் அன்றே நாலு பேர் கேள்வி கேட்டுக் கரைத்திருப்பார்கள். முத்திரைக்குள் கிடந்து முதிர்ந்ததால்தான் அதற்கு இத்தனை கனம்.

மாக்னெற் திட்டம் என்ற பெயரில் சிறிய அளவில் ஆராய ஸ்மித்துக்கு அனுமதி கிடைத்தது. ஒட்டாவாவுக்கு மேற்கே ஷேர்லீஸ் பேயில் ஒரு குடிசைக்குள் கருவிகளை வைத்து வானத்தைக் காத்திருந்தார். 1954 ஓகஸ்ட் 8, பிற்பகல் 3.01க்கு ஈர்ப்புவிசை அளக்கும் கருவி பெரிதாக அசைந்தது. வெளியே ஓடிப் பார்த்தார்கள். மேகம் மூடிய வானம், எதுவும் தெரியவில்லை. அடுத்த சில நாள்களிலேயே துறை அந்த நிலையத்தை மூடுவதாக அறிவித்தது. அசைந்தது, பார்த்தார்கள், மூடினார்கள் என்ற வரிசையைக் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பத்திரிகைகளில் அடிபட்ட கூச்சத்தில் துறை கையைக் கழுவியது என்பது என் வாசிப்பு. ஸ்மித் 1962இல் இறக்கும்வரை தன் சொந்த நேரத்தில் தேடலைத் தொடர்ந்தார். வேற்றுக்கிரகவாசிகளோடு தொடர்பு கிடைப்பதாகவும் கடைசிக் காலத்தில் சொன்னார்.

அதே ஆண்டுகளில் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சபை இன்னொரு குழுவை அமைத்திருந்தது. அதன் தலைவர் வானியலாளர் பீற்றர் மில்மன். ரொறன்ரோவில் பிறந்து, ரிச்மண்ட் ஹில்லிலுள்ள டேவிட் டன்லப் வானாய்வகத்தில் வேலை பார்த்தவர், எரிகற்களில் நிபுணர். கிடைத்த தகவல்களை வைத்து விஞ்ஞான முறையில் எதையும் நிறுவ முடியாது என்பது அந்தக் குழுவின் முடிவு. நிதானமான, நேர்மையான முடிவு. அந்தக் குழுவும் இரகசியமாகவே கூடியது. ஸ்மித்தின் பெயர் தெரிந்த நூறு பேரில் ஒருவருக்குக்கூட மில்மனைத் தெரிந்திருக்காது.

யாருடைய வேலை?

எல்லைக்கு அப்பாலும் இதே கதைதான். 1947 ஜூலையில் ரொஸ்வெல்லில் தட்டு கிடைத்தது என்று இராணுவமே அறிவித்து, உடனேயே இல்லை, வானிலை பலூன் என்று மாற்றியது. சோவியத் அணுகுண்டுச் சோதனையின் ஓசையை மேல்வானத்தில் ஒட்டுக்கேட்கும் மோகுல் திட்டத்தின் பலூன் தொடர் அது என்று விமானப்படை ஒப்புக்கொண்டது 1994இல். 1955இலிருந்து யூ-2 உளவு விமானங்கள் 60,000 அடிக்கு மேல் பறந்தன. அந்நாளைய பயணிகள் விமானங்களோ 20,000 அடிக்குள். மாலையில் கீழே இருட்டிய பிறகும் மேலே அவற்றின் வெள்ளி இறக்கைகளில் வெயில் படும். பயணிகள் விமான ஓட்டிகள் பார்த்து அறிவித்தார்கள். விமானப்படை அதிகாரிகள் சிஐஏயிடம் இரகசியமாகக் கேட்டு உண்மையைத் தெரிந்துகொண்டு, பார்த்தவரிடம் பனிப்படிகம், வெப்பக்காற்று என்று ஏதாவது சொல்லி அனுப்பினார்கள். இதை சிஐஏயின் வரலாற்றாய்வே 1997இல் எழுதியிருக்கிறது. 2025 ஜூனில் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் இன்னும் ஒரு படி மேலே போன செய்தியை வெளியிட்டது. 1980களில் விமானப்படைக் கேணல் ஒருவர், இரகசிய விமானத் தளமான ஏரியா 51க்கு அருகேயுள்ள மதுக்கடைக்காரரிடம் பறக்கும் தட்டின் போலிப் படங்களைக் கொடுத்தாராம். புதிய இரகசிய விமானத்தின் மேல் கண் விழாமலிருக்கச் செய்த ஏற்பாடு. பென்ரகனின் சொந்த விசாரணையிலேயே அது தெரியவந்ததாம்.

பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த விமான ஓட்டிகள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள்; பொய் சொன்னது பதில் சொன்னவர்கள். ஒரு முறை பொய்யான விளக்கம் வாங்கியவர், அடுத்த முறை உண்மையான விளக்கம் வந்தாலும் நம்பமாட்டார். அவரிடம் போய் அறிவியல் மனப்பான்மை வேண்டும் என்று பாடம் நடத்துவது அநியாயம்.

அனிதா ஆனந்தின் பெப்ரவரி

இனி நம் காலத்துக்கு வருவோம். 2023 பெப்ரவரி 4 அன்று சீன பலூனொன்றை அமெரிக்கா தென் கரோலைனாக் கடற்கரைக்கு அப்பால் சுட்டு வீழ்த்தியது. அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நாள், மூன்று பொருள்கள்: 10ஆம் திகதி அலாஸ்காவில், 11ஆம் திகதி கனடாவின் யூக்கோனில், 12ஆம் திகதி ஹியூரன் ஏரியின் மேல். ஹியூரன் ஏரி நாம் கோடையில் குளிக்கப் போகிற ஏரி. அங்கே முதல் ஏவுகணை குறி தவறியது.

அப்போது கனடாவின் பாதுகாப்பு அமைச்சர் அனிதா ஆனந்த். தந்தை வழியில் தமிழ்நாட்டுக் குடும்பம்; தாத்தா வி. ஏ. சுந்தரம் காந்தியோடு சுதந்திரப் போராட்டத்தில் நின்றவர். அன்று ரொறன்ரோவுக்கு அருகேயுள்ள ஓக்வில் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். ஹெலியர் இருந்த நாற்காலியில் இருந்து அவர் நாட்டுக்கு அறிவித்தார்: 40,000 அடி உயரத்தில் பறந்த சிறிய உருளை வடிவப் பொருளை, பிரதமரின் உத்தரவின்படி, கனடா-அமெரிக்கக் கூட்டு வான்பாதுகாப்பு அமைப்பான நோராட்டின் கீழ் பறந்த அமெரிக்க எஃப்-22 விமானம் மாலை 3.41க்குச் சுட்டு வீழ்த்தியது. கனடிய மண்ணின் மேல் நோராட் ஒரு பொருளைச் சுட்டது அதுவே முதல் முறை.

டோசன் நகருக்கும் மேயோவுக்கும் இடையில் பனிமலைகளில் தேடினார்கள். ஆறே நாளில், 17ஆம் திகதி, தேடலை நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய நாள் ஜனாதிபதி பைடன், மூன்றும் தனியார் நிறுவனங்களினதோ ஆய்வு நிலையங்களினதோ பலூன்களாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பொழுதுபோக்காகச் சிறு பலூன் விடும் சங்கம் ஒன்றின் பலூன், அதே நாளில் யூக்கோனை நெருங்கும் பாதையில் இருந்து பிறகு காணாமல் போயிருந்தது. மலிவான பலூன் அது. சுட்ட ஏவுகணை ஒன்றின் விலை 4,00,000 டொலருக்கு மேல்.

இந்த விவகாரத்தில் எனக்குக் கோபம் வந்தது பின்னால் வந்த ஒரு சிறு செய்தியில். 2024 செப்டெம்பரில், தகவல் அணுகல் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்ற ஆவணங்களிலிருந்து யூக்கோன் பொருளின் மங்கலான படமொன்றை சிரிவி தொலைக்காட்சி வெளியிட்டது. அந்தப் படத்தை மக்களுக்குக் காட்டலாம் என்று 2023 பெப்ரவரியிலேயே இராணுவம் அனுமதித்திருந்தது. சமூக ஊடகத்தில் போட ஆயத்தமும் செய்தார்கள். பிறகு அதிகாரிகளுக்கிடையே ஒரு மின்னஞ்சல் போகிறது. பொருள் ஆபத்தில்லாதது என்று சொல்லியாகிவிட்டது, இப்போது படத்தை வெளியிட்டால் கேள்வியும் குழப்பமும் கூடும் என்பது அதன் கருத்து. அதோடு படம் உள்ளே போய்விட்டது.

உளவுக் கருவியைக் காக்க ஒளித்தார்கள் என்றால் புரிந்துகொள்ளலாம். எதிரிக்குத் தெரியக் கூடாது என்றாலும் புரியும். மக்கள் கேள்வி கேட்பார்கள் என்பதற்காக ஒளித்தார்கள்! குடிமகன் கேட்கும் கேள்வியே ஆபத்து என்று நினைக்கும் அலுவலகம் எத்தனை வேற்றுக்கிரகக் கதைகளைப் பெற்றுப் போடும் என்று அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை. அந்தப் படம் பெப்ரவரியிலேயே வந்திருந்தால், இது ஒரு பலூன் போலத்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த வேலையைப் பார்த்திருப்போம்.

நாம் பார்த்த வானம்

இந்த இடத்தில் நம்மைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. ரொறன்ரோவில் தமிழர் வீடுகளில் வானத்தைப் பார்த்துப் பயந்த அனுபவம் இல்லாத மூத்தவர் அரிது. வன்னியில் இருந்தவர்களுக்கு வண்டின் இரைச்சல் தெரியும். வேவு விமானத்துக்கு அங்கே அதுதான் பெயர். வண்டு சுற்றிவிட்டுப் போனால் பின்னால் கிபிர் குண்டுவிமானம் வரும் என்று பிள்ளைகளுக்கும் தெரியும். இரவில் பரா வெளிச்சம் மிதந்து இறங்குவதைப் பார்த்தவர்கள், வானத்தில் தெரியும் விளக்கு யாருடையது என்று ஊகித்துக்கொண்டிருக்கவில்லை. பதுங்குகுழிக்கு ஓடினார்கள்.

2009 மே 10 அன்று கார்டினர் நெடுஞ்சாலையில் நம் சனம் போய் அமர்ந்தது எதற்காக? போரின் இறுதி நாள்களில் வன்னியில் என்ன நடக்கிறது என்று உலகத்துக்குத் தெரியும், சொல்லாமல் இருக்கிறது என்ற தவிப்பில்தான். அந்தத் தவிப்பு வீண் சந்தேகமாக இருக்கவில்லை. ஐநாவின் செய்மதிப் பிரிவு முள்ளிவாய்க்கால் பகுதியின் செய்மதிப் படங்களை ஆராய்ந்திருந்தது. குண்டுக் குழிகள் தெரியும் அந்த அறிக்கை பொதுமக்களுக்கென்று எழுதப்படவில்லை. 2009 மே தொடக்கத்தில் கசிந்துதான் வெளியே வந்தது. இறந்தோர் எண்ணிக்கையை ஐநா அலுவலர்கள் கணக்கெடுத்து வைத்திருந்தும் பகிரங்கமாகச் சொல்லத் தவறினார்கள் என்று 2012 நவம்பரில் ஐநாவின் உள்ளக விசாரணையே, சார்ள்ஸ் பெற்ரி தலைமையில், ஒப்புக்கொண்டது. 2010இல் 492 பேரோடு சன் சீ கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தபோது, அவர்களை இயன்றவரை நீண்ட காலம் தடுத்து வைக்க எல்லை அதிகாரிகள் திட்டமிட்ட ஆவணமும் பிறகுதான் வெளிவந்தது.

மறைப்புக்குள் வதந்தி எப்படி வளரும் என்பதும் நமக்குப் புதிதல்ல. 2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம் கிளம்பியதை நினைத்துப் பாருங்கள். வடக்கு, கிழக்கு, மலையகம், புத்தளம் என்று ஊருக்கு ஊர் மர்ம மனிதன். உடம்பில் கிறீஸ் பூசி வருகிறான், பெண்களைத் தாக்குகிறான், துரத்தினால் படை முகாமுக்குள் ஓடி மறைகிறான் என்றார்கள். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் துரத்திப் போன சனத்தைப் படையினர் இரவோடு இரவாகச் சுற்றிவளைத்து அடித்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள். புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கூட்டத்தின் கையில் உயிரிழந்தார். பூதம் இருந்ததா என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்கிறோம். முகாமுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்க வழியில்லாத ஊரில், விசாரணை வரும் என்ற நம்பிக்கை செத்த ஊரில், பூதம் முகாமுக்குள்தான் ஓடும்.

ஆகவே பறக்கும் தட்டுக் கதைகளை நம்புகிறவரைப் பார்த்து எனக்கு ஏளனம் வருவதில்லை. அரசு பொய் சொல்லும் என்று அவர் நினைப்பது சரி. அந்தச் சரியான கோபத்தை அவர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்பதில்தான் எனக்கு ஆதங்கம். ஒளித்து வைத்த விண்கலத்தைத் தேடி ஆயுள் முழுவதும் அலைகிறவருக்கு, ஒளித்து வைத்த மின்னஞ்சலைத் தேட நேரம் கிடைப்பதில்லை. பெரிய இரகசியத்தின் மயக்கம், சிறிய இரகசியங்களை வைத்திருப்பவர்களுக்கு நல்ல வசதி. அந்தச் சிறியவைதான் நம் உயிரைத் தொட்டவை.

எங்கே சொல்வது, எங்கே கேட்பது

கனடா 1947 முதல் 1980களின் தொடக்கம் வரையான தன் பறக்கும் தட்டுக் கோப்புகளில் ஏறத்தாழ 9,500 ஆவணங்களை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் செய்த அந்த வேலையை மனமாரப் பாராட்ட வேண்டும். 1967 மேயில் மனிற்றோபாவின் ஃபோல்கன் ஏரிக்கரையில் ஸ்டீபன் மிகலக் என்பவர் கலமொன்றை நெருங்கி மார்பில் தீக்காயத்தோடு திரும்பிய கதையும், அதே ஆண்டு ஒக்டோபரில் நோவா ஸ்கோஷியாவின் ஷாக் துறைமுகத்தில் விளக்குகள் கடலில் விழுந்ததும் கடற்படைச் சுழியோடிகள் தேடி வெறுங்கையோடு ஏறியதும் அந்தக் கோப்புகளில் உண்டு. இரண்டும் இன்னும் அவிழாதவை. அவிழவில்லை என்று அரசு வெளிப்படையாகச் சொல்லிவிட்டதால் அவற்றைச் சுற்றிப் பகை இல்லை, வியப்பு மட்டும் இருக்கிறது. நாணயசாலை அவற்றுக்கு வெள்ளி நாணயமே வெளியிட்டது.

சிக்கல் 1995க்குப் பிறகு. அதுவரை முறைப்பாடுகளைச் சேகரித்த தேசிய ஆராய்ச்சிக் கழகம் அந்த ஆண்டோடு நிறுத்திக்கொண்டது. அதன் பின் இது எந்தத் துறையின் வேலையும் இல்லை என்றாகியது. வினிபெக்கில் கிறிஸ் ரட்கௌஸ்கி என்ற ஆய்வாளர் 1989 முதல் ஆண்டுதோறும் தொகுத்துவந்த கணக்குத்தான் நாட்டின் கணக்கு. அவரிடம் வருகிறவற்றில் பெரும்பகுதி விமானம், கிரகம், செய்மதி, ட்ரோன் என்று விளங்கிவிடுகிறது. மிஞ்சுவது சிறு பங்கு. ஸ்காபரோவில் மாடிக் குடியிருப்பின் பல்கனியில் நின்று, முத்து மாலை போல் வரிசையாக நகரும் விளக்குகளைக் கண்டு வீட்டாரைக் கூப்பிட்டவர்கள், 2019 முதல் ஏவப்படும் ஸ்டார்லிங்க் செய்மதிகளைப் பார்த்திருக்கிறார்கள்.

கனடாவின் தலைமை அறிவியல் ஆலோசகர் மோனா நெமெரின் அலுவலகம் 2022இல் ஸ்கை கனடா என்ற ஆய்வைத் தொடங்கி 2025 ஜூலையில் அறிக்கையை வெளியிட்டது. வேற்றுக்கிரகவாசிகள் உண்டா இல்லையா என்ற பக்கமே அது போகவில்லை. மக்கள் பார்த்ததைச் சொல்ல ஒரு இடம் இருக்கிறதா என்று கேட்டது. கனடியர்களில் நாலில் ஒருவர் விளங்காத எதையோ வானத்தில் பார்த்ததாகச் சொல்கிறார். பார்த்தவர்களில் பத்தில் ஒருவர்தான் எங்காவது அறிவிக்கிறார். இதற்கென ஒரு அரச நிறுவனம் பொறுப்பெடுக்க வேண்டும், கனடிய விண்வெளி நிறுவனத்தைக் கருதலாம், விமான ஓட்டிகள் கேலிக்கு அஞ்சாமல் அறிவிக்க வழி வேண்டும், தரவுகளை மக்கள் முன் வைக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. என்னைக் கேட்டால், 1950இலிருந்து இந்த நாட்டில் இந்த விடயத்தில் எழுதப்பட்டவற்றில் மிகப் பயனுள்ள அறிக்கை இதுதான். பரிந்துரைகளை நிறைவேற்றும் பொறுப்பு இனி அரசுடையது, நிறைவேற்றச் சொல்லிக் கேட்கும் பொறுப்பு நம் தொகுதி உறுப்பினர்களுக்கும் உண்டு. தேர்தலுக்குத் தேர்தல் நம் கோயில் வாசலுக்கு வருகிறவர்களிடம் இதையும் கேட்கலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. யூக்கோன் படத்தை வெளியே கொண்டுவந்த அதே தகவல் அணுகல் சட்டம் 1983இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 5 டொலர். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. இழுத்தடிப்பார்கள், நினைவூட்ட வேண்டிவரும், தகவல் ஆணையரிடம் முறையிடவும் நேரலாம். குடியுரிமை இல்லாதவரும் கேட்கலாம்; கனடாவுக்குள் இருந்தால் போதும். ஸ்காபரோவின் வானத்தில் கண்ட விளக்கைப் பற்றியும் கேட்கலாம், சன் சீ கப்பலைப் பற்றியும் கேட்கலாம்.